மெதுவாகப் பாடிய வெள்ளைக்காரப் பெரியவர்கள்

இது நடந்தது எழுபத்தெட்டாம் ஆண்டு. மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நாங்கள் குடியிருந்தோம். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. காலையில் அம்மாவோடு பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்கப் போவேன். மத்தியானத்துக்கு மேல் லயத்து வரிசையில் எங்கள் வீட்டு வேலை. பொழுது சாய்ந்து தோட்டத்து ஜெனரேட்டர் ஓட ஆரம்பித்தால்தான் எங்களுக்கெல்லாம் லைட் எரியும்.

அந்த வருஷம் எங்கள் தோட்டத்து வெள்ளைக்காரச் சின்னத் துரை வேலையை விட்டுவிட்டு அவருடைய நாட்டுக்குக் கிளம்பினார். பங்களா சாமான்களை லோரியில் ஏற்றிவிட என் அண்ணன் போயிருந்தார். ஏற்றி முடித்தவர்களுக்கு ஆளுக்கொரு சாமானை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார் துரை. பக்கத்து வீட்டுக்காரர் நல்ல தேக்கு நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். எதிர் வீட்டுக்காரர் கறி வைக்கிற வலைப் பெட்டி கொண்டு வந்தார். எங்கள் அண்ணன், பாட்டுப் பெட்டியைக் கொண்டு வந்தார்.

அம்மா அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“இது என்னாத்துக்குடா?”

“பாட்டு கேக்கலாம்லா, அம்மா.”

“அந்த நாற்காலில ஒக்காந்திருக்கலாம்.”

அண்ணன் பெட்டியின் தூசியைத் துடைக்க ஆரம்பித்தார். போதாததற்குப் பெட்டி வேலையும் செய்யவில்லை. உள்ளே தட்டைச் சுற்றிவிடுகிற ரப்பர் பட்டை இற்று உதிர்ந்திருந்தது. தட்டின் மேல் மட்டும் ஒரே ஒரு ரெக்கார்டு, உறைகூட இல்லாமல், அப்படியே இருந்தது. துரை மறந்துவிட்டாரா, இல்லை வேண்டாமென்று விட்டுவிட்டாரா, தெரியாது. நடுவில் ஒட்டியிருந்த காகிதம் பூஞ்சணம் பிடித்து முக்கால்வாசி அழிந்து போயிருந்தது.

அண்ணி அதை வெளிச்சத்தில் பிடித்துப் படித்துப் பார்த்தார். “பேரு சரியா தெரியல. ஆனா ரெண்டு பேரு. நடுவுல ‘அண்ட்’னு இருக்கு” என்றார்.

அண்ணியைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். அவர் ஈப்போ டவுன் பெண். ஈப்போ தைப்பூசத்தில் அண்ணனைப் பார்த்து, இரண்டு பேருக்கும் பிடித்துப்போய், வீட்டை எதிர்த்துக் கல்யாணம் செய்துகொண்டு வந்தவர். அவருடைய அப்பா ஈப்போவில் தையல் மெஷின் ரிப்பேர் கடை வைத்திருந்தார். தோட்டத்து மாப்பிள்ளை வேண்டாம் என்று ஒரே பிடியாக நின்றவர், கல்யாணத்துக்கும் வரவில்லை, அதற்குப் பிறகும் மகளோடு பேசவில்லை. அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்து அப்போது ஒரு வருஷம் ஆகப்போயிருந்தது. ஆனாலும் என்னிடம் “உப்பு எங்க இருக்கு”, “தண்ணி வந்திருச்சா” என்பதற்கு மேல் பேசியதில்லை. நானும் நாத்தனார் முறுக்கை விடவில்லை. அவர் இங்கிலீஷ் படித்தவர், நான் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியோடு நின்றவள். என்ன பேசுவது என்று எனக்கும் தெரியவில்லை என்பதுதான் உண்மை.

சரி, பெட்டிக்கு வருகிறேன். அண்ணன் தோட்டத்து ரப்பர் ஸ்டோரில் வேலை செய்பவர். “ரப்பர் தோட்டத்துல இருந்துக்கிட்டு ரப்பர் பட்டைக்கா சூசா? இதெல்லாம் ஒரு கஷ்டமா?” என்று சொல்லிவிட்டு, ஒரு பழைய சைக்கிள் டியூபை மெல்லிசாக வெட்டி வளையமாக்கி மாட்டினார். சாயங்காலம் லைட் வந்தது. ஊசியை எடுத்து ரெக்கார்டின் மேல் வைத்தார்.

கொஞ்ச நேரம் கரகரவென்று சத்தம். பிறகு ஒரு கிட்டார், தகரக் கூரையிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டுகிற மாதிரி, நிதானமாக ஒவ்வொன்றாக விழுந்தது. அதற்குப் பிறகு இரண்டு ஆண் குரல்கள். கனமான, நடுங்குகிற குரல்கள். ஒவ்வொரு வார்த்தையையும் கீழே வைக்க மனசில்லாமல் இழுத்து இழுத்துப் பாடினார்கள்.

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். “பாவம், வயசானவங்க போலருக்கு” என்றார். “சாப்பிடாம பாடுறாங்களா?”

எங்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. படத்தைப் பார்த்ததில்லை, பெயர் தெரியாது. ஆகவே நாங்களே இரண்டு பேரையும் உருவாக்கிக்கொண்டோம். ஒருவர் பெரியவர், மனைவியை இழந்தவர், நரைத்த மீசை. இன்னொருவர் அவருடைய தம்பியோ மச்சானோ, கொஞ்சம் நோயாளி. அம்மா இதையெல்லாம் உறுதியாக நம்பினார். “இன்னைக்கு அந்தத் தம்பிக்காரருக்கு நெஞ்சுச் சளி கூடிப்போச்சு” என்பார். அது ஜெனரேட்டர் முக்குகிற நாளாக இருக்கும்.

ஒரு மாதம் கழித்து அண்ணன் சுங்கை சிப்புட் கடையில் ஒரு தமிழ்ப் பட ரெக்கார்டு வாங்கி வந்தார். போட்டால், நாங்கள் ரேடியோவில் கேட்டு உருகுகிற பாடகி எருமை கனைப்பது போலப் பாடினார். அண்ணனுக்கு வந்தது கோபம். மறுநாளே சைக்கிளை எடுத்துக்கொண்டு போய், ரெக்கார்டு ரோசாக், கெட்டுப்போனது என்று சண்டை போட்டு, கடைக்காரத் தவுக்கேயிடம் வேறொன்று மாற்றிக்கொண்டு வந்தார். அதுவும் அப்படியே. “எல்லாம் மட்டச் சரக்கு” என்று தூக்கி மூலையில் வைத்துவிட்டார். அம்மாவும், “வெள்ளைக்காரன் சாமான் வெள்ளைக்காரன் சாமான்தான். எவ்ளோ நல்லா பாடுறாங்க” என்றார்.

எங்கள் நாலு பேரில் ஒருவருக்கும் பெட்டியின் மேல் சந்தேகம் வரவில்லை. இன்று நினைத்தாலும் ஆச்சரியமாக இருக்கிறது.

ஆக, வீட்டில் கேட்கிற மாதிரி இருந்தது அந்த ஒரே இசைத்தட்டு. அதையே தினமும் கேட்டோம். முதலில் எல்லாப் பாட்டும் ஒரே பாட்டாகத் தெரிந்தது. பிறகு ஒவ்வொன்றுக்கும் ஒரு முகம் வந்தது. ஒரு பாட்டில் பின்னால் யாரோ கதவை ஓங்கிச் சாத்துவது போல மேளம் விழும். ஒரு பாட்டில் ஒருவர் மட்டும் வெகு நேரம் தனியாகப் பாடுவார், மற்றவர் எங்கே போனார் என்று நாம் தேடும்போது, கடைசியில் பக்கத்தில் வந்து சேர்ந்துகொள்வார். அந்த இடம் வரும்போது அம்மா “வந்துட்டாருலா” என்று சொல்லிவிட்டுத்தான் வெற்றிலையை மடிப்பார்.

அர்த்தம் சொல்லும் பொறுப்பு அண்ணியுடையது. பாட்டு அவ்வளவு மெதுவாக ஓடியதால் ஒரு வார்த்தை முடிவதற்குள் அவருக்கு முந்தின வார்த்தை மறந்துவிடும். பிடிபட்டதை வைத்துச் சொல்வார். “வீட்டை விட்டுத் தூரமா வந்துட்டாராம். திரும்பிப் போக முடியலையாம்.” எந்தப் பாட்டைக் கேட்டாலும் இதே அர்த்தம்தான் சொன்னார். ஒரு நாள் குதூகலமாகக் கைதட்டிப் பாடுகிற பாட்டு ஓடியபோதும், “இதுவும் வீட்டை நெனச்சு அழுவுறதுதான்” என்றார். அவர் முகத்தைப் பார்த்த பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்கு நானே அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

அதன் பிறகு பின்வாசலில் பாத்திரம் கழுவும்போது இரண்டு பேரும் சேர்ந்து முணுமுணுக்க ஆரம்பித்தோம். ஆரம்பத்தில் நான் அண்ணி பாடுவதையே பாடுவேன். எங்கேயோ ஒட்டாமல் இருந்தது. ஒரு நாள் அண்ணி ஈரக் கையோடு என்னை உள்ளே இழுத்துப் போய் ரெக்கார்டைப் போட்டு, “நல்லா கேளு. ரெண்டு பேரும் ஒரே மாதிரியா பாடுறாங்க?” என்றார்.

கேட்டேன். முதல்முறையாக இரண்டு குரல்களும் எனக்குத் தனித்தனியாகக் கேட்டன. ஒன்று மேலே போகும்போது இன்னொன்று கூடவே ஓடவில்லை. கீழே தன் வழியில் நடந்தது. ஆனால் எங்கே நிற்க வேண்டுமோ அங்கே சரியாக ஒன்றாக நின்றார்கள். அதைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் மரம் வெட்டும்போதும் கீழ்க்குரலையே பாடிக்கொண்டிருந்தேன். வேலையை மேற்பார்வை பார்க்கிற மண்டோர் வந்து, “யாருக்குப்பா ஒடம்பு சரியில்ல?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

அவர் கேட்டதிலும் தப்பில்லை. அந்தப் பெரியவர்கள் பாடுகிற தாழ்ந்த சுருதியை எட்ட, மோவாயை நெஞ்சில் அழுத்திக்கொண்டுதான் நாங்கள் பாட வேண்டியிருந்தது.

இப்படியிருக்கும்போது ஈப்போவிலிருந்து அண்ணியின் தங்கை வந்தார். அவருக்குக் கல்யாணம். “நீயும் மாமாவும் கண்டிப்பா வரணும், அக்கா. அப்பா வேணாம்னு சொல்லல” என்றார். வரச் சொன்னாரா என்று அண்ணி கேட்டார். தங்கை தேநீர்க் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணி ஒரு வாரம் யோசித்தார். போனால் அப்பா முகம் கொடுப்பாரா, சொந்தக்காரர்கள் “தோட்டத்துக்காரி வந்துட்டா” என்று பேசுவார்களா, என் அண்ணனை யாராவது அவமானப்படுத்திவிடுவார்களா. பிறகு ஒரு நாள் திடீரென்று என்னிடம், “விருந்துல பேண்டு இருக்காம். நம்ம ரெண்டு பேரும் இங்கிலீஷ் பாட்டு பாடுவோம். தோட்டத்துல என்னா இருக்குனு அவங்களும் பாக்கட்டும்” என்றார்.

“என்னால முடியாதுங்கண்ணி” என்றேன். அண்ணன் என்னைவிட அதிகம் பயந்தார். “மாமனாரு முன்னாடியா? நான் வாசல்லயே நின்னுக்குறேன்” என்றார். அம்மா மட்டும்தான் தைரியம் சொன்னார். “அந்தப் பெரியவங்க பாட்டைப் பாடுங்க. கேட்டா கல்லும் கரையும்.”

ஈப்போவில் ஒரு மண்டபம். நீளமான மேசைகள், வண்ணக் காகிதத் தோரணம், கோழிக்கறி வாசம். மேடையில் அகலக் கால் சட்டை போட்ட நாலைந்து தமிழ்ப் பையன்கள் கிட்டாரும் டிரம்மும் வைத்துக்கொண்டு நின்றார்கள். அண்ணியின் அப்பா முன் மேசையில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் உள்ளே வந்ததைப் பார்த்தார். தலையைத் திருப்பி, மேசைமேல் இருந்த ஆரஞ்சுத் தண்ணீர்ப் புட்டியை ரொம்ப அக்கறையாகப் படிக்க ஆரம்பித்தார். அண்ணி என் கையைப் பிடித்தார். 

தங்கைதான் எங்களை மேடைக்கு அனுப்பிவைத்தார். அண்ணி கிட்டார்க்காரரிடம் பாட்டைக் காதோடு முனகிக் காட்டினார். அவர் கொஞ்ச நேரம் விழித்தார். பிறகு வார்த்தைகளைச் சொன்னதும் முகம் மலர்ந்தது. “அக்கா, அந்த ஆல்பமா! எனக்கு முழுசா மனப்பாடம்லா. வாங்க, பாடுவோம்.”

மைக்கின் முன்னால் நின்றோம்.  கிட்டார்க்காரர் தலையை ஆட்டினார், பேண்டு ஆரம்பித்தது.

நாங்கள் காத்துக்கொண்டு நின்றோம்.

அவர்கள் ஏதோ துள்ளலாக, மேல் சுருதியில் வாசித்தார்கள். கல்யாண வீடாயிற்றே, முதலில் ஒரு வரவேற்பு இசை போலிருக்கிறது என்று நான் நினைத்தேன். அது முடிந்ததும் நம்முடைய பாட்டு வரும் என்று மோவாயை நெஞ்சில் அழுத்தித் தயாராக நின்றேன். பேண்டு முழுச் சுற்று வந்து நின்றது. கிட்டார்க்காரர் எங்களைப் பார்த்தார். நாங்கள் அவரைப் பார்த்தோம்.

“பாடுங்கக்கா” என்றார்.

“நீங்க பாட்டை ஆரம்பிங்க தம்பி” என்றார் அண்ணி. மைக் வழியாக அது மண்டபம் முழுக்கக் கேட்டது.

“ஆரம்பிச்சாச்சு அக்கா. இதான் அந்தப் பாட்டு.”

“இல்ல தம்பி. இது வேற. எங்க பாட்டு பெரியவங்க பாட்டு.”

“எந்தப் பெரியவங்க?”

“நீங்க சின்னப் பையன், உங்களுக்குத் தெரியாது.”

மண்டபத்தில் சிரிப்பு கிளம்பியது. வாசலில் நின்ற அண்ணன் காணாமல் போனார். முன் மேசையில் அண்ணியின் அப்பா புட்டியைக் கீழே வைத்துவிட்டார். அண்ணியின் கழுத்து சிவந்து கண் கலங்கத் தொடங்கியதை நான் பார்த்தேன். இப்போது இறங்கினால் இந்த வாழ்நாளில் மறுபடியும் இந்தக் குடும்பத்துக்குள் அவர் காலெடுத்து வைக்க மாட்டார் என்று எனக்குத் தெரிந்தது. எங்கிருந்து தைரியம் வந்ததோ, நான் கண்ணை மூடிக்கொண்டு என்னுடைய கீழ்க்குரலை எடுத்தேன். எங்கள் வீட்டு வேகத்தில்.

இரண்டாவது வரியில் அண்ணி மேலே வந்து சேர்ந்தார்.

டிரம் அடிக்கிற பையன் எங்களோடு வரப் பார்த்தான். ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் அவன் வியர்வை துடைத்துக்கொள்ளலாம், அவ்வளவு இடைவெளி. பேசாமல் குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டான். கிட்டார்க்காரர் மட்டும் விடவில்லை. கம்பிகளைத் தளர்த்தி, காதைச் சாய்த்து, எங்கள் பின்னாலேயே வந்தார். மழைத்தண்ணீர் சொட்டுகிற அந்தச் சத்தம் அப்படியே கிடைத்தது. மண்டபத்துச் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. பரிமாறுகிறவர்கள்கூட வாளியோடு நின்றுவிட்டார்கள். எங்கள் அம்மா தூரத்து மேசையிலிருந்து, அண்ணி தனியாகப் பாடி நான் மறுபடி வந்து சேர்ந்த இடத்தில், “வந்துட்டாருலா!” என்று பழக்கதோஷத்தில் சத்தமாகச் சொன்னார்.

பாட்டு முடிந்தது.  நன்றாகவே கைதட்டினார்கள். இறங்கும்போது ஒரு பெரியவர் என் தலையில் கை வைத்து, “நல்லா பாடுனீங்கம்மா. இது எந்தச் சாமி பாட்டு?” என்று கேட்டார்.

கிட்டார்க்காரர் விடாமல் எங்கள் பின்னால் வந்தார். “அக்கா, உண்மையச் சொல்லுங்க. இப்படி யாரு பாடுனா?” என்று கேட்டார்; துரை வீட்டுப் பெட்டிக்கு அண்ணன் பட்டை போட்ட கதையை அண்ணி சொன்னதும், எங்களை வெளியே நிறுத்தியிருந்த அவருடைய வேனுக்குக் கூட்டிப்போய் ஒரு கேசட்டைப் போட்டார். அதே பாட்டு. ஆனால் இளசான, தெளிவான, பட்டு மாதிரி இரண்டு குரல்கள். நோயும் இல்லை, நரையும் இல்லை.

அண்ணி கடைசிவரை கேட்டார். பிறகு என் காதில், “பேரப்பிள்ளைங்களா இருக்கும்” என்றார்.

யாரோ பின்னால் சிரித்தார்கள். திரும்பினால் அண்ணியின் அப்பா. மகளைத் தேடி வெளியே வந்தவர், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வேனில் சாய்ந்துகொண்டு சிரித்தார். சத்தம் கேட்டு மண்டபத்துக்குப் பின்னாலிருந்து அண்ணன் மெல்ல எட்டிப் பார்த்தார். மாமனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரிடம் கேட்டார், கல்யாணமான நாளிலிருந்து முதல்முறையாக:

“பெட்டிக்கு பெல்ட்டு எதுல போட்டீங்க?”

“சைக்கிள் டியூப்ல, மாமா.”

“எந்தக் கூமுட்ட சைக்கிள் டியூப்ல போடுவான்? தொளதொளன்னு வழுக்கும்லா, தட்டு மெதுவாத்தான் சுத்தும். பின்ன அவனுங்க எப்படிப் பாடுவானுங்க?”

திட்டுதான். ஆனால் அண்ணன் அதைப் பரிசு மாதிரி வாங்கிக்கொண்டு நின்றார். அண்ணி அழுதுகொண்டே சிரித்தார். அவர் அப்பா, “சாப்பிட்டியா?” என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் மகளை உள்ளே கூட்டிப்போனார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரே மோட்டோவில் தோட்டத்துக்கு வந்தார், சட்டைப் பையில் புது பெல்ட்டோடு. லைட் வரும்வரை இருந்து, பெட்டியைப் பிரித்துத் துடைத்து, பெல்ட்டை மாட்டி, ரெக்கார்டைப் போட்டார். துள்ளிக்கொண்டு வந்தது பாட்டு. அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்தார். “யாரு இவனுங்க? அந்தப் பெரியவங்க எங்க?” எவ்வளவோ விளக்கினோம். அம்மா ஒத்துக்கொள்ளவே இல்லை. சம்பந்தி என்ற மரியாதைக்காக ஒரு பாட்டு கேட்டுவிட்டு, அடுப்பில் வேலை இருப்பதாகச் சொல்லி எழுந்து போய்விட்டார். மூலையில் கிடந்த தமிழ் ரெக்கார்டை எடுத்துப் போட்டோம். பாடகிக்கு எருமைக் குரல் போய்விட்டிருந்தது. அண்ணன் சுங்கை சிப்புட் கடைப் பக்கம் ரொம்ப நாள் தலைகாட்டவில்லை.

எண்பதுகளில் எனக்குக் கல்யாணமாகி ஈப்போவுக்கே வந்துவிட்டேன். அந்த ஆல்பம் கேசட்டாகக் கிடைத்தபோது என் வீட்டுக்காரர் வாங்கிக்கொடுத்தார். சரியான வேகத்தில் கேட்கக் கேட்க அது எவ்வளவு அருமையான வேலை என்று புரிந்தது. அண்ணி சொன்ன அர்த்தங்களில் பாதிக்கு மேல் தப்பு என்பதும் புரிந்தது. ஆனால் அண்ணி வீட்டுக்கு வந்தால் அந்தக் கேசட்டை நாங்கள் போடுவதில்லை. சமையலறையில் நின்று எங்கள் பழைய வேகத்தில் நாங்களே பாடிக்கொள்வோம். என் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு ஓடுவார்கள்.

ஒரே வீட்டில் ஒரு வருஷம் இருந்தும் அண்ணியோடு பேச எனக்கு ஒரு வார்த்தை அகப்படாமல் இருந்த காலத்தில், முகம் தெரியாத இரண்டு பேர், புரியாத மொழியில், தப்பான வேகத்தில் வந்து எங்களைப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டுப் போனார்கள் என்பதை நினைத்தால், இன்றைக்கும் எனக்குச் சிரிப்பும் வருகிறது, அவர்களைத் தேடிப்போய் ஒரு நன்றி சொல்ல வேண்டும் போலவும் இருக்கிறது.